முப்பத்தோராம் பகுதியிலிருந்து கேட்கத் தொடங்கியவர்கள்

மேடையில் அமர்ந்திருக்கும் எங்கள் நிறுவனர் அவர்களே, இயக்குநர் குழுவின் உறுப்பினர்களே, முன்வரிசையில் இருக்கும், மறைந்த நம் அக்காவின் கணவர் அவர்களே, அவருடைய மகளே, ஸ்டூடியோவிலிருந்து வந்திருக்கும் வாசிப்பாளர்களே, கதை எழுதுகிறவர்களே, வாரத்தில் கிடைக்கும் ஒரே விடுமுறையை விட்டுவிட்டுச் சட்டை தைக்கும் கூடத்திலிருந்து வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பதினொரு பேரே, என்னோடு வேலை பார்ப்பவர்களே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

எனக்கு முன்னால் மூன்று பேர் பேசினார்கள். ஒருவர் அக்காவைக் கலங்கரை விளக்கம் என்றார். இன்னொருவர் ஆலமரம் என்றார். மூன்றாமவர் இரண்டையும் சேர்த்துச் சொன்னார். நான் டேட்டா பார்க்கிறவன். எனக்கு மரமும் வராது, விளக்கும் வராது. அக்கா பாட்டும் கதையும் செல்போன் வழியாக ஓட்டும் ஒரு நிறுவனத்தின் வியூகத் துறைத் தலைவராக ஒன்பது ஆண்டுகள் இருந்தார். அந்த வேலையை அவர் எப்படிச் செய்தார் என்று சொல்கிறேன். அதோடு, நான் செய்த ஒரு தவறையும் சொல்ல வேண்டியிருக்கிறது. அதை வேறு இடத்தில் சொல்லியிருக்கலாம். ஆனால் வரும் புதன்கிழமை இயக்குநர் குழு ஓட்டெடுக்கப் போகிறது. ஓட்டுப் போடுகிற எல்லோரும் இன்றைக்கு ஒரே அறையில் இருக்கிறார்கள். இதைவிட வசதியான கூட்டம் எனக்கு எப்போது கிடைக்கும்?

வெளியிலிருந்து வந்திருப்பவர்களுக்கு முதலில் எங்கள் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு நிமிடம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் தொழில் ஒரு விநோதமான சாப்பாட்டுக் கடை. மாதம் ஒரே கட்டணம், எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம். ஆனால் சமையல் எங்களுடையது அல்ல. பாட்டெல்லாம் இசை நிறுவனங்களுடையது. நீங்கள் ஒவ்வொரு முறை பாட்டுக் கேட்கும்போதும் எங்களிடமிருந்து ஒரு பங்கு அவர்களுக்குப் போகிறது. அதனால் சந்தா கட்டிவிட்டுக் கேட்க மறந்துபோகிறவர்தான் எங்களுக்கு லாபம். நாள் முழுக்கக் கேட்கிறவர் நஷ்டம். யார் எங்களை ரொம்ப நேசிக்கிறாரோ அவரைக் கண்டால் எங்களுக்குப் பயம். இப்படி ஒரு தொழில் உலகத்தில் எங்கேயாவது உண்டா? உண்டு, அதில்தான் நாங்கள் எல்லோரும் சம்பளம் வாங்குகிறோம்.

ஆறு வருடம் முன்பு நான் இங்கே சேர்ந்தேன். சேர்ந்த இரண்டாவது மாதம், என் கணினியில் மூவாயிரத்து நானூறு சந்தாக்கள் தனியாகத் தெரிந்தன. தினமும் ஒன்பது மணி நேரம் ஓடுகின்றன. ஒரு மனிதன் தினமும் ஒன்பது மணி நேரம் பாட்டுக் கேட்பானா? அதைவிடச் சந்தேகமான விஷயம், எல்லாம் ஒரே நேரத்தில் நிற்கின்றன. காலை பத்தே முக்காலுக்குப் பதினைந்து நிமிடம். மதியம் ஒரு மணிக்கு அரை மணி நேரம். தினமும் அதே நேரம், நிமிடம் பிசகாமல். எனக்குச் சந்தேகமே இல்லை. யாரோ பாட்டின் எண்ணிக்கையைக் கூட்டிக் காட்ட இயந்திரம் வைத்து ஓட்டுகிறார்கள். எல்லாவற்றையும் மூடிவிட வேண்டும் என்று கூட்டத்தில் சொன்னேன். சந்தோஷமாகச் சொன்னேன். புதிதாகச் சேர்ந்தவன், இரண்டே மாதத்தில் திருடனைப் பிடித்துவிட்டேன்.

எல்லோரும் தலையாட்டினார்கள். மேஜையின் கோடியில் அக்கா உட்கார்ந்திருந்தார். என் வரைபடத்தை அவர் பார்த்த மாதிரியே தெரியவில்லை. பிறகு கேட்டார்.

"தம்பி, மெஷின் எதுக்கு ஒரு மணிக்குச் சாப்பிடப் போகுது?"

நான் ஏதோ விளக்க ஆரம்பித்தேன். சராசரியாகப் பார்த்தால் என்று தொடங்கினேன். அக்கா கையைக் காட்டி நிறுத்தினார்.

"இங்க பாரு சராசரி, ஒரு வாரம் குடு. மூவாயிரத்து நானூறு பேரையும் என்னால கூப்பிட முடியாது. நாப்பது பேரக் கூப்பிடறேன். மெஷின் போனை எடுத்துப் பேசிச்சுன்னா நீ ஜெயிச்ச."

அன்றிலிருந்து அலுவலகத்தில் என் பெயர் சராசரி. என் அப்பா அம்மா வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருக்கிறது.

நாற்பது பேரில் முப்பத்தெட்டுப் பேர் எடுத்தார்கள். தையல் கூடம், அச்சகம், செருப்புக்கு அடி ஒட்டும் இடம், சலவை செய்யும் இடம், பெட்டி மடிக்கும் கிடங்கு. ஒரு செல்போன், ஒரு ஸ்பீக்கர், சுற்றிலும் முப்பது பேர், நாற்பது பேர். பத்தே முக்காலுக்குத் தேநீர். ஒரு மணிக்குச் சாப்பாடு. நான் திருடன் என்று சொன்னவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள்.

சரி, திருடன் இல்லை. ஆனால் நஷ்டம் நஷ்டம்தானே? ஒன்பது மணி நேரம் பாட்டு ஓட்டினால் நாங்கள் என்ன ஆவது? அப்போதும் மூடத்தான் சொன்னேன். நான் விடுகிற ஆள் இல்லை. அப்போது அக்கா சொன்ன பதில்தான் இன்றைக்கு இந்த நிறுவனத்தின் வியூகம். வேறு யார் யாரோ அதைச் சொன்னதாகப் பேட்டிகளில் வருகிறது. நிறுவனர் அவர்கள் மன்னிக்க வேண்டும்.

"ஒன்பது மணி நேரம் நம்மளப் பக்கத்துல வச்சிருக்கறவங்கள எதுக்குத் தொரத்தணும்? பாட்டுதான் நம்மளுது இல்ல. பேச்சு நம்மளுதா இருக்கலாம் இல்ல?"

அவ்வளவுதான். பாட்டை எத்தனை முறை ஓட்டினாலும் அத்தனை முறையும் பங்கு கொடுக்க வேண்டும். நாங்களே எழுதி, நாங்களே வாசித்துப் பதிவு செய்த ஒரு தொடர்கதைக்குச் செலவு ஒரு முறைதான். அதை ஒருவர் கேட்டாலும் ஒரு லட்சம் பேர் கேட்டாலும் அதே செலவு. அதிகம் கேட்கிறவர் நஷ்டம் என்ற கணக்கு அந்த ஒரு வாக்கியத்தில் தலைகீழாகிவிட்டது. எல்லா நிறுவனங்களும் கண்ணுக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. கண்ணும் கையும் வேலையில் இருக்கிறவரின் காது சும்மா கிடக்கிறது என்பதை அக்கா ஒருவர்தான் பார்த்தார். வேலைக்கூடத் திட்டம் அப்படித்தான் பிறந்தது. கூடத்துக்கு ஒரு சந்தா, நாள் முழுக்கத் தொடர்கதை, செய்தி, துணுக்கு, மருத்துவர் பேச்சு, நடுநடுவே கொஞ்சம் பாட்டு. இன்றைக்கு இருபத்தாறாயிரம் கூடங்களில் அது ஓடுகிறது.

அந்தத் தொடர்கள் எப்படித் தேர்வாயின என்று தெரியுமா? எங்கள் அலுவலகத்தில் மூன்றாவது மாடியில் ஒரு மேஜை இருக்கிறது. அதன் மேல் ஊசி, நூல், ஒரு டப்பா நிறையச் சட்டைப் பித்தான், மடிக்காத அட்டைப் பெட்டிகள், பாலிஷ் போட வேண்டிய காலணிகள். புதிய தொடர் எதுவாக இருந்தாலும், நிறுவனராகவே இருந்தாலும், அந்த மேஜையில் உட்கார்ந்து கையில் வேலை செய்துகொண்டேதான் கேட்க வேண்டும். பக்கத்தில் ஒரு பழைய தையல் இயந்திரத்தை வேறு ஓடவிட்டிருப்பார், சத்தத்துக்காக. கேட்கிறவர் அலுத்துப்போய் செல்போனைத் தேடினால் தொடர் தோல்வி. அது எல்லோருக்கும் புரியும். ஆனால் கதையில் லயித்துப்போய்க் கை நின்றாலும் தோல்வி. அதுதான் எனக்கு முதலில் புரியவில்லை.

"கை நின்னா சூப்பர்வைசர் திட்டுவாங்க. கை நிக்காம மனசு மட்டும் நின்னா ஊசி விரல்ல ஏறும். ரெண்டும் வேணாம்" என்றார்.

எழுத்தாளர் ஒருவர், இங்கேதான் இருக்கிறார், கோபித்துக்கொண்டு போனார். "என் கதை ரொம்ப நல்லா இருக்குன்னு திருப்பி அனுப்பினது உலகத்துலயே நீங்க ஒருத்தர்தான்" என்று சொல்லிவிட்டுப் போனார். பத்து நாளில் திரும்பி வந்தார். ஒரு நிமிடம் சத்தத்தில் காதில் விழாமல் போனாலும் கதை புரிகிற மாதிரி எழுதக் கற்றுக்கொண்டு வந்தார். அவர் எழுதிய நூற்றிருபது பகுதித் தொடர்தான் இன்று வரை எங்களிடம் அதிகம் ஓடிய ஒலிப்பதிவு.

நானும் அந்த மேஜையில் பித்தான் தைத்திருக்கிறேன். எண்ணி வைத்திருக்கிறேன், இருநூற்றுப் பன்னிரண்டு. அதில் பாதியை அக்கா பிரித்து மறுபடி தைத்தார்.

அவர் செய்தது எல்லாம் சரியா? இல்லை. இங்கே அப்படிச் சொல்லிவிட்டுப் போனால் அவரே நம்ப மாட்டார். குழந்தைகளுக்கென்று தனிப் பிரிவு ஒன்று தொடங்கினார், ஓடவில்லை. ஓடவில்லை என்று நான் எட்டு மாதம் சொன்ன பிறகுதான் மூடினார். கார் ஓட்டுகிறவர்களுக்கான திட்டத்தை ஒரு வருடம் தள்ளிப்போட்டார், அதற்குள் போட்டியாளர்கள் வந்துவிட்டார்கள். என் அறிக்கைகளில் முதல் பக்கத்துக்கு மேல் படிக்க மாட்டார். படித்ததாகத் தலையாட்டுவார். நாங்கள் சண்டை போடாத வாரம் கிடையாது. வென்றதும் தோற்றதும் கிட்டத்தட்டச் சமம்.

இப்போது நான் வென்ற ஒரு சண்டையைச் சொல்கிறேன்.

பதினான்கு மாதம் முன்பு, செயலியில் ஒரு கோளாறு இருப்பதாக நான் முடிவு செய்தேன். புதிதாகச் சேர்கிறவர்கள் சிலர் தொடர்கதையை நடுவிலிருந்து தொடங்குகிறார்கள். இருபத்தெட்டாம் பகுதி. முப்பத்தொன்று. நாற்பத்து நான்கு. யாராவது ஒரு கதையை முப்பத்தோராம் பகுதியிலிருந்து கேட்கத் தொடங்குவார்களா? தெரியாமல் கை பட்டிருக்க வேண்டும், செயலி குழப்புகிறது என்று நினைத்தேன். அதனால் ஒரு திருத்தம் செய்தேன். புதியவர் யாராக இருந்தாலும், நடுவில் எங்கே தொட்டாலும், செயலி அவரைக் கையைப் பிடித்து முதல் பகுதிக்குக் கூட்டிக்கொண்டு போய்விடும். மொத்தம் பதினோரு வரி நிரல். நேர்த்தியான வேலை என்று என்னை நானே பாராட்டிக்கொண்டேன்.

அக்கா எனக்கு மூன்று முறை மின்னஞ்சல் அனுப்பினார். மூன்றும் ஒரே வரி. "மொதல் பகுதிக்கு ஏன் தள்ளுறே?" நான் அனுப்பிய பதில் என்னிடம் இருக்கிறது. "இது பயனர் அனுபவத்துக்காக. டேட்டா இணைத்துள்ளேன்." மூன்று முறையும் அதே பதில், அதே இணைப்பு. பிறகு கூட்டத்தில் எழுப்பினார். தையல் கூடத்தில் நான்கு பெண்கள் குறை சொன்னார்கள் என்றார். என்னிடம் நான்கு லட்சம் பேரின் வரைபடம் இருந்தது. நான்கு பேரா, நான்கு லட்சமா? கூட்டம் என் பக்கம் நின்றது. அக்கா தோற்றார். அந்த மாதம்தான் அவருக்கு நோய் கண்டுபிடித்தார்கள் என்று எனக்குப் பிறகுதான் தெரியும். அதை நான் இங்கே சொல்வது பரிதாபத்துக்காக அல்ல. நோய் இல்லாமல் இருந்திருந்தால் அவர் அந்தச் சண்டையை விட்டிருக்க மாட்டார். நானும் நிறுவனமும் பிழைத்திருப்போம்.

அந்த மாதத்திலிருந்து புதிய சந்தாக்கள் குறைய ஆரம்பித்தன. முதல் வாரம் இலவசமாகக் கேட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். ஏன் என்று தேடினேன். வேலைக்கூடத் திட்டத்தில் முப்பத்தெட்டுப் பேர் வேலை செய்கிறார்கள், ஸ்டூடியோ நாள் முழுக்க ஓடுகிறது, ஆனால் அதனால் புதியவர் யாரும் வரவில்லை என்று கண்டுபிடித்தேன். திட்டத்தை மூடிவிட்டு அந்தச் செலவில் பாட்டு உரிமம் வாங்கலாம் என்று இருபத்திரண்டு பக்க அறிக்கை எழுதினேன். புதன்கிழமை ஓட்டுக்கு வரப்போவது அந்த அறிக்கைதான். அதில் இருப்பது என் கையெழுத்து.

அக்கா இறந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. அதற்கு முந்தின சனிக்கிழமை மருத்துவமனையிலிருந்து கூப்பிட்டார். மகள்தான் செல்போனைக் காதருகே பிடித்திருந்தார்.

"சராசரி, பேப்பர் முழுசாப் படிச்சேன்."

"முழுசாவா? நம்பவே முடியலக்கா."

"இங்க வேற என்ன வேலை? நல்லா எழுதியிருக்கே. வியாழக்கிழமை அந்த சட்டை தைக்கிற இடத்துக்குப் போ. போயிட்டு வந்து குழுவுக்கு அனுப்பு."

"அக்கா, நேத்தே அனுப்பியாச்சு."

 

"அப்படின்னா போயிட்டு மட்டும் வா" என்றார்.

வியாழக்கிழமை போனேன். அக்கா போய் இரண்டு நாள் ஆகியிருந்தது. நீளமான கூடம், மூன்று வரிசை இயந்திரங்கள், சுவரில் ஆணியடித்து மாட்டிய ஒரு ஸ்பீக்கர். மேற்பார்வை செய்யும் அம்மா வாசலிலேயே என்னை நிறுத்தி, "நீங்கதான் அந்த சராசரியா? பட்டன் அக்கா சொல்லியிருக்காங்க. ஒல்லியா இருப்பீங்கன்னு சொன்னாங்க, இவ்வளவு ஒல்லின்னு சொல்லலையே" என்றார். பட்டன் அக்கா என்றால் நம் அக்காதான், அங்கே அவருக்கு அதுதான் பெயர். உள்ளே போய்த் தலைகளை எண்ணினேன். நாற்பத்து மூன்று. என் வரைபடத்தில் இந்தக் கூடம் ஒன்று. ஒரு புள்ளி.

கழுத்துப்பட்டி தைத்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம், வீட்டில் எங்கள் செயலி இருக்கிறதா என்று கேட்டேன். அவர் தைப்பதை நிறுத்தவில்லை.

"இருந்துச்சு. எடுத்துட்டேன்."

"ஏன்?"

"இங்க முப்பது பகுதி கேட்டாச்சு. ஞாயித்துக்கிழமை லீவு. அடுத்தது என்ன ஆச்சுன்னு வீட்ல கேக்கலாம்னு போட்டா, உங்க ஆப் திரும்பத் திரும்ப மொதல்ல இருந்து ஆரம்பிக்குது. நாங்க என்ன ஃபெயிலாப் போன பசங்களா, மறுபடி ஒண்ணாங்கிளாஸ்ல உக்கார?"

பக்கத்து இயந்திரத்தில் இருந்தவர் சொன்னார். "எனக்கும்தான். அதுகிட்ட சண்டை போட முடியுமா? விட்டுட்டேன்."

"யார்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே."

"சொன்னோமே. பட்டன் அக்காகிட்ட சொன்னோம். எங்க ஆபீஸ்ல ஒருத்தன் இருக்கான், அவன்கிட்ட சொல்லிப் பாக்கறேன்னாங்க."

அந்த ஒருத்தன் நான்தான்.

கூடத்தில் நாற்பத்து மூன்று பேர். முன்பு சொந்தமாகச் சந்தா கட்டியவர்கள் பதினேழு பேர், எல்லோரும் என் திருத்தம் வருவதற்கு முன்பு சேர்ந்தவர்கள். அதற்குப் பிறகு முயன்று பார்த்து விட்டுப்போனவர்கள் பன்னிரண்டு பேர். ஒருவர் விடாமல் கேட்டேன். பிறகு அலுவலகம் வந்து பழைய டேட்டாவை எடுத்துப் பார்த்தேன். நடுவிலிருந்து தொடங்கியவர்கள்தான் எங்களிடம் மிக நீண்ட காலம் நிலைத்த சந்தாதாரர்கள். மூன்று ஆண்டுகளாக அந்த எண் என் முன்னால் இருந்தது. நான் அதற்குக் கோளாறு என்று பெயர் வைத்திருந்தேன். ஒரு கூடத்தின் ஸ்பீக்கரிலிருந்து நாற்பது வீடுகளுக்கு ஒரு பாதை போய்க்கொண்டிருந்தது. அதன் குறுக்கே சுவர் கட்டியவன் நான். கட்டிவிட்டு, இந்தப் பாதையில் யாரும் வருவதில்லை, மூடிவிடலாம் என்று இருபத்திரண்டு பக்கம் எழுதியவனும் நான்.

இது அக்காவுக்குத் தெரியும். முழுக்கத் தெரியும் என்று சொல்ல மாட்டேன். அவரிடம் நான்கு பெண்களின் பேச்சு இருந்தது, என்னிடம் எண்கள் இருந்தன. இரண்டையும் ஒரே மேஜையில் வைத்திருந்தால் ஒரு மதியத்தில் முடிந்திருக்கும். நான் வைக்கவில்லை. அவர் உயிரோடு இருக்கும்போது, நீங்கள் சொன்னது சரி என்று என்னால் சொல்ல முடியாமல் போனது. அதற்கு என்னிடம் பரிகாரம் கிடையாது. மாமா, அக்காவின் கணவரை நான் அப்படித்தான் கூப்பிடுவேன், உங்களிடமும் உங்கள் மகளிடமும் எல்லோர் முன்னாலும் அதை இப்போது சொல்கிறேன். அக்கா சொன்னது சரி. நான் சொன்னது தவறு.

இனி புதன்கிழமை. இயக்குநர் குழுவினரே, உங்கள் கையில் இருக்கும் இருபத்திரண்டு பக்கத்தை நான் திரும்பப் பெறுகிறேன். கடிதம் இன்று காலை நிறுவனர் கையில் கொடுத்துவிட்டேன். ஓட்டெடுப்பு நடக்கட்டும். தள்ளிவைக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. அந்த அறிக்கைக்கு எதிராக நானே பேசுகிறேன். அதில் எந்தப் பக்கம், எந்த வரி தவறு என்று என்னைவிடத் தெரிந்தவர் யாரும் இல்லை. ஓட்டுப் போடுவதற்கு முன் உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். மூன்றாவது மாடிக்கு வந்து அந்த மேஜையில் உட்காருங்கள். ஒரு பகுதி கேட்க இருபத்தைந்து நிமிடம். அதற்குள் ஆளுக்கு ஐந்து பித்தானாவது தைக்க வேண்டும். ஊசியில் நான் நூல் கோத்து வைத்திருப்பேன்.

அந்த மேஜையை எடுத்துவிட்டு அங்கே கூட்ட அறை கட்டலாம் என்று ஒரு பேச்சு இருக்கிறது. கட்ட விடமாட்டேன். அக்காவின் படத்தை அங்கே மாட்டப் போவதாகவும் சொன்னார்கள். மாட்டுங்கள். ஆனால் பித்தான் டப்பாவை நகர்த்தாதீர்கள். மாதம் ஒரு வியாழக்கிழமை என் துறையில் ஒவ்வொருவரும் ஒரு வேலைக்கூடத்துக்குப் போக வேண்டும் என்று உத்தரவு போட்டிருக்கிறேன். முணுமுணுக்கிறார்கள். முணுமுணுக்கட்டும், நான் முணுமுணுத்ததில் கால்வாசி கூட இல்லை.

எனக்குக் கொடுத்த ஏழு நிமிடம் எப்போதோ முடிந்துவிட்டது. ஒரு எண்ணைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன். எண்தானே எனக்குத் தெரிந்த மொழி. கூடத்துக்குப் போய் வந்த மறுநாள், வெள்ளிக்கிழமை காலை, அந்தப் பதினோரு வரியை நீக்கினேன். அன்றிலிருந்து நேற்று மாலை வரை ஆயிரத்து நூற்றுப் பதினெட்டுப் புதியவர்கள் தொடர்கதையை நடுவிலிருந்து கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். அவர்களில் ஒருவரைக்கூட நாங்கள் முதல் பகுதிக்குத் தள்ளவில்லை, அக்கா.

வணக்கம்.